ஒரு 'நைசு' விழுங்கிய சொற்கள்

அடுக்களையில் தாய் மகளிடம் "மாவை நைசா அரை" என்கிறாள். துணிக்கடையில் விற்பவர் சேலையை விரித்து, "தொட்டுப் பாருங்கள், எவ்வளவு நைசு!" என்கிறார். தச்சுப் பட்டறையில் "பலகையை நைசாக இழை" என்று மூத்த தச்சர் ஏவுகிறார். கூட்டத்திற்கு வந்து பாதியில் எழுந்து போனவனை "நைசா நழுவிட்டான்" என்கின்றனர். கடன் கேட்க வந்தவனோ "நைசாப் பேசி" வாங்கிக்கொண்டு போகிறான். இடம் ஐந்து, பொருளும் ஏறத்தாழ ஐந்து, சொல் மட்டும் ஒன்றே. அந்த ஒன்றும் தமிழன்று!

இவ்வாறு பேசுவோருள் பெரும்பாலார் ஆங்கிலம் கல்லாதவர் என்பதே இதில் எண்ணிப் பார்க்கத் தக்கது. படித்தவன் நாவில் உருளும் 'சூப்பர்' முதலியவற்றை அவனது பகட்டு என்று தள்ளிவிடலாம். பகட்டு நீங்கினால் சொல்லும் நீங்கும். 'நைசு' அத்தகையதன்று. அது ஆட்டுக்கல்லடியில் குடியேறிவிட்டது. வந்தேறி என்னும் ஐயமே எழாத இடத்தில் அமர்ந்துகொண்ட சொல்லைப் பெயர்ப்பதன்றோ கடினம்?

இச்சொல்லின் பிறந்தகத்து வரலாறோ நகைப்பிற்குரியது. இலத்தீனத்தில் 'நெசுக்கியுசு' என்றால் 'அறியாதவன்'. 'நெ' என்பது இன்மை குறிக்கும் முன்னொட்டு; எஞ்சியது 'அறிதல்' என்னும் வினையின் வழிவந்தது. பழம்பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துட் புகுந்தபோது அதற்கு 'அறிவிலி, பேதை' என்பதே பொருள். பின்னர் 'மிகக் கூசுபவன்', 'எதிலும் நொட்டை சொல்பவன்', 'நுட்பம் பார்ப்பவன்', 'நுண்ணிய' என்றெல்லாம் திரிந்து திரிந்து, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் 'இனிய, நல்ல' என்னும் இன்றைய பொருளில் நிலைத்தது. அதன்பின் ஆங்கிலேயர் கண்டதையெல்லாம் 'நைசு' என்னத் தலைப்பட்டனர். சேன் ஆசுட்டின் என்னும் புதினவாணி மறைந்தபின், 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' என்னும் புதினத்தில், என்றி தில்னி என்னும் கதைமாந்தன் இப்பழக்கத்தை எள்ளி நகையாடுகிறான். நாளும் நைசு, நடையும் நைசு, நங்கையரும் நைசா என்பது அவன் கேலியின் சாரம். தொடக்கத்தில் அச்சொல் செப்பத்தையும் நயத்தையுமே குறித்தது என்று அவன் சொல்வது மட்டும் பிழை. அதற்கும் முந்திய 'பேதை'யை அவன் அறியான் போலும்!

ஆக, ஒரு சொல்லே எல்லாவற்றையும் விழுங்கினால் மொழி மெலியும் என்பதை ஆங்கிலேயரே இருநூறாண்டுகளுக்கு முன் உணர்ந்திருந்தனர். தமிழரோ அவர்கள் சலித்துக்கொண்ட சொல்லை வாங்கிவந்து, அவர்களே இன்று அறியாத பொருளில் வழங்குகின்றனர். 'நைசு மாவு' என்றால் இன்றைய ஆங்கிலேயன் 'நல்ல மாவு' என்றே கொள்வான். அரைப்பதம் அவனுக்கு விளங்காது.

அரைப்பதத்திற்குத் தமிழில் சொற்பஞ்சமா? மிளகை ஒன்றிரண்டாகத் தட்டுவர். துவையலைக் கரகரப்பாக அரைப்பர். இட்டலிக்கு அரிசியைக் குறுநொய்ப் பதத்திலும் உளுந்தைப் பொங்கப் பொங்கவும் ஆட்டுவர். மருதோன்றியை மைய அரைப்பர். பிள்ளைக்கு உரைமருந்தை இழைப்பர். இவை ஒன்றற்கொன்று மாற்றாக வைக்கத்தக்க ஒருபொருட் பன்மொழியல்ல; ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல். 'மைய' என்றால் விரலுக்கு ஒரு பரலும் தட்டுப்படலாகாது. 'ஒன்றிரண்டாக' என்றால் பல்லுக்குத் தட்டுப்பட்டே ஆகவேண்டும். அளவியைக் காணாத கைகள் சொல்லைக் கொண்டே பதம் கண்டன. இன்று மின்னம்மியின் முன் நிற்கும் மகளுக்கு 'நைசு', 'நைசு இல்லை' என்னும் இரண்டு பதமே எஞ்சியுள்ளன.

நுண்மைக்கும் இதே நிலைதான். நொசிவு, நுழைவு, நுணங்கு என்னும் மூன்று சொற்களும் நுண்மைப் பொருளன என்று தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. கரிகாலன் அளித்த ஆடையைப் பொருநராற்றுப்படை காட்டுமிடத்தில், இழை சென்ற வழி கண்ணுக்குப் புலனாகாத அதன் நுண்மைக்குப் பாம்பின் உரி உவமையாகிறது. அவ்வாடை நெய்த மரபினரின் கடையில் இன்று 'நைசு' விற்கிறது. நுண்ணிழைத் துணி என்றோ, மெல்லிய துணி என்றோ சொன்னால் வாங்குவோர் ஓடியா விடுவர்?

இங்குத் தமிழ்ப்பற்றாளரின் பிழையையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அவருட் சிலர் 'நயம்' அல்லது 'நைய' என்பதே கடல் கடந்து 'நைசு' ஆயிற்று என்று பூரிக்கின்றனர். மேலே காட்டிய வரலாறு அதற்கு இடந்தரவில்லை. ஒலி ஒத்திருப்பது கொண்டு உறவு கற்பிப்பது சொற்பிறப்பியல் ஆகாது. 'நைய அரை' என்று பழகிய செவிக்கு 'நைசா அரை' வேற்றொலியாகத் தோன்றாமற் போயிருக்கலாம் என்பதுவரை சொல்லலாம். அதற்கு மேல் செல்வது பகைவர் நகைப்பிற்கு இடமாகும்.

வேறு சிலர் 'நைசாப் பேசி' என்பதை விலக்குவதாக எண்ணி 'நைச்சியமாகப் பேசி' என்று திருத்துகின்றனர். அந்தோ! 'நைச்சியம்' வடசொல், 'நீச' என்பதன் வழியது. ஆங்கிலத்தினின்று தப்பி வடமொழியில் விழுவதற்கா இத்துணை முயற்சி? குழைந்து பேசி, நயந்து பேசி, தேனொழுகப் பேசி என்பன இருக்கின்றனவே.

எல்லாவற்றினும் பெரும்பிழை, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நிரல் அச்சிடுவது. 'நைசு - நன்று' என்று தாளில் கண்ட இளைஞன், 'நன்றாக அரை' என்று வீட்டில் சொன்னால், எந்தப் பதம் என்று தாய் திருப்பிக் கேட்பாள். 'நன்றாக நழுவினான்' என்றால் ஊரே சிரிக்கும். அதற்குக் 'கமுக்கமாக' என்னும் சொல் காத்திருக்கிறது. தென்மாவட்டத்தார் வாயில் 'பைய' இன்னும் உயிரோடு இருக்கிறது. பலகைக்கு 'வழவழவென', மாந்தருக்குத் 'தன்மையானவர்', காற்றுக்கு 'இனிய'. வந்த சொல் ஒன்றேயாயினும், அது துரத்திய சொற்கள் பல. அத்தனையையும் அவ்வவற்றின் இடத்திற்கே அழைத்து வரவேண்டும்.

அச்சொற்கள் எல்லாம் அகரமுதலியில் கிடைத்துவிடா. அம்மியும் ஆட்டுக்கல்லும் இழுத்த கைகளுக்குரிய மூதாட்டியர் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். மிளகையும் உளுந்தையும் மருதோன்றியையும் எப்படி அரைப்பது என்று அவர்களிடம் தனித்தனியே கேட்டால், விடையும் தனித்தனியே வரும். அவற்றை எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.