பரட்டைத் தலை என்று சொல்லலாமா?

இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்கு அருகே ஒரு பங்குப் பள்ளியில் ஆசிரியப் பணி செய்துவரும் அருட்சகோதரி ஒருவர் விடுமுறையில் தாயகம் வந்திருந்தார். எங்கள் வகுப்புக்கும் வந்து, தம் மாணவியரின் படங்களைத் திரையிட்டுக் காட்டினார். சீருடையில் பளிச்சென்று நின்ற அச்சிறுமியரின் தலைகளில், மெல்லிய கயிறுகளைப் போல இருபது முப்பது முறுக்குகள் தொங்கின. எங்களில் ஒருத்தி, "அய்யய்யோ, தேங்காய் நார்க் கயிறு!" என்றாள். வகுப்பே சிரித்தது. நாங்கள் எல்லோரும்தான் சிரித்தோம். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

சகோதரி கோபித்துக்கொள்ளவில்லை. "பிள்ளைகளே, இன்று காலையில் தலை வாரிப் பின்ன உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று கேட்டார்.

"பத்து நிமிடம், சிஸ்டர்" என்றோம்.

"இந்தப் பிள்ளையின் தலைக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் அவள் அம்மா உட்கார்ந்து செய்தது. இப்போது சிரியுங்கள், பார்க்கலாம்" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வாராத தலை என்று நாங்கள் எண்ணியது, எங்கள் எல்லோருடைய தலையையும் விட அதிகக் கவனத்துடன் வாரப்பட்ட தலை! அன்று சகோதரியிடம் கேட்டறிந்தவற்றையும், பின்னர் நாங்களே தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறோம். அறியாமல் சிரித்தவர்கள் அறிந்தபின் எழுதுவதுதானே முறை?

முதலில், அந்த முடியின் இயல்பை அறிந்துகொள்வோம். ஆப்பிரிக்க மக்களில் பெரும்பாலோருக்கு மயிர்க்காலே வளைந்திருக்கிறது. அதிலிருந்து வளரும் முடியும் கம்பிச் சுருளைப் போலச் சுருண்டு சுருண்டு வளர்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இராமல் தட்டையாக இருக்கும். நம் தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசை, நேரான முடி வழியே எளிதில் நுனி வரை இறங்கிவிடுகிறது. அச்சுருள்களிலோ ஒவ்வொரு வளைவையும் தாண்டி இறங்க இயலாமல் வேரருகிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே முடி விரைவில் உலர்கிறது. உலர்ந்த முடி வளைவுகளில் ஒடிகிறது. இழுத்தால் தோளைத் தொடும் முடி, விட்டவுடன் சுருண்டு காதளவில் நின்றுவிடும். "இவர்களுக்கு முடி வளராது" என்று சிலர் சொல்வது இதை அறியாமல்தான். வளராமல் இல்லை, வளர்ந்தது சுருளுக்குள் ஒளிந்திருக்கிறது.

இப்படிப்பட்ட முடியை நாள்தோறும் சீப்பால் இழுத்து வாரினால் என்ன ஆகும்? ஒடிந்து கையோடு வந்துவிடும். எனவே அடிக்கடி சீப்புப் படாமல் காப்பதற்குக் கண்ட வழியே இந்த முறுக்கு. நம் பின்னலுக்கு மூன்று கால். இதற்கு இரண்டே கால்தான். தலையை அலசி, கண்டிஷனர் தடவி, ஈரம் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மெதுவாக வேர் வரை சிக்கெடுக்கிறார்கள். பிறகு சிறு சிறு கட்டங்களாக வகிடு எடுத்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் இரண்டாகப் பிரித்து, கயிறு திரிப்பதைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி நுனி வரை கொண்டுபோய் முடிக்கிறார்கள். ஈரப்பசை காக்க ஷியா வெண்ணெய் சிறிது தடவுவதும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா மரத்தின் கொட்டைகளைப் பெண்கள் இடித்து, வறுத்து, அரைத்துக் கடைந்து எடுப்பது அந்த வெண்ணெய்.

முறுக்கியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. புதிதாக முறுக்கிய தலையை வீட்டில் பேணுவதில்தான் முழுப் பொறுமையும் வேண்டும். முதலாவது, உள்வரை நன்றாக உலர வேண்டும். ஈரத்தோடு படுத்தால் முறுக்குக்குள் ஈரம் தங்கி நாற்றம் எடுக்கும். இரண்டாவது, இரவில் சாட்டின் அல்லது பட்டுத் துணியால் தலையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பருத்தித் தலையணை உறை முடியின் ஈரப்பசையை உறிஞ்சிவிடும். உராய்ந்து உராய்ந்து முறுக்கையும் கலைத்துவிடும். மூன்றாவது, முடி வறண்டதாகத் தோன்றினால் சிறிது தண்ணீரைத் தெளித்து, விரலில் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டு நுனிகளில் தடவ வேண்டும். எண்ணெயை வழிய விட்டால் தூசி படிந்து அழுக்குச் சேரும். நான்காவது, வாரத்துக்கு ஒரு முறையோ பத்து நாளுக்கு ஒரு முறையோ, தண்ணீர் கலந்த ஷாம்புவை வகிடுகளில் விட்டு விரல் நுனிகளால் மெல்ல அழுத்திக் கழுவ வேண்டும். பரபரவென்று தேய்த்தால் முறுக்குகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். துவட்டும்போதும் தேய்க்காமல், பழைய பனியன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சகோதரி அழுத்திச் சொன்னார். முறுக்கு அழகாக நிற்க வேண்டும் என்று இறுக்கி இழுக்கக் கூடாது. தலை வலித்தாலோ, வேரில் சிறு சிறு பருக்கள் தோன்றினாலோ அது இறுக்கம் மிகுதி என்பதற்கு அடையாளம். அப்படியே தொடர்ந்தால் நெற்றியோரத்திலும் பொட்டிலும் முடி உதிர்ந்து, நாளடைவில் மீண்டும் வளராமலே போய்விடலாம். (இறுக்கிக் கொண்டை போடும் நமக்கும் இது பொருந்தும்!)

இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின் முறுக்குகளைப் பிரிக்கிறார்கள். அப்போது கை நிறைய முடி வருவதைக் கண்டு புதியவர்கள் அஞ்சுவார்களாம். அஞ்சத் தேவையில்லை. எவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. நமக்கு அது சீப்பில் வந்துவிடுகிறது. அவர்களுக்கு முறுக்குக்குள்ளேயே தங்கியிருக்கிறது. 14 நாளுக்குக் கணக்கிட்டால் 700 முதல் 1,400 வரை ஆகிறதல்லவா? ஆனால் மாதக்கணக்கில் பிரிக்காமல் விட்டால், உதிர்ந்த முடியும் உதிராத முடியும் பின்னிப் பிணைந்து சடைபிடித்துவிடும். ஆகவே நாளறிந்து பிரித்து, அலசி, மீண்டும் தொடங்க வேண்டும்.

இத்தனையையும் கேட்டபோது எங்கள் கண்முன் வந்து நின்றது எது தெரியுமா? தாயின் முழங்கால்களுக்கிடையே தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மகள்! "ஆட்டாதே, நேராக உட்கார்" என்று ஒரு செல்லத் தட்டு. ஊர்க்கதை, உறவுக்கதை, பள்ளிக்கதை. நம் வீட்டுத் திண்ணையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அம்மாவும் பாட்டியும் செய்வதைத்தான் அங்கேயும் தாய்மார்கள் செய்கிறார்கள். கடல் கடந்தாலும் தாயின் விரல்கள் ஒன்றுதான்.

அத்தகைய தலையைத்தான் உலகம் நெடுங்காலம் இழிவுபடுத்தியது. தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு மனிதரையும் இன்ன இனம் என்று எழுதி வைத்த சட்டம் அது. ஐயம் எழுந்த இடங்களில் 'பென்சில் சோதனை' நடந்தது. தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகுவார்கள். வழுக்கி விழுந்தால் வெள்ளையர். முடியில் சிக்கி நின்றால் வெள்ளையர் அல்லர்! நாம் கணக்குப் போடவும் படம் வரையவும் எடுக்கும் பென்சில், அங்கே ஒரு குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கலாம், எந்தத் தெருவில் வாழலாம் என்று தீர்ப்பெழுதியது. 1860 முதல் நடாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று குடியேறிய நம் தமிழ் மக்களின் வழித்தோன்றல்களும் அந்த ஆட்சியில் தனி இனமாகப் பிரித்து வைக்கப்பட்டவர்களே.

சாண்ட்ரா லேயிங் என்ற சிறுமியின் கதையைப் படித்தபோது எங்களுக்குக் கண்ணீர் வந்தது. வெள்ளையரான பெற்றோருக்கு 1955இல் பிறந்தவள் அவள். ஆனால் அவள் நிறம் பழுப்பு, முடி சுருள். 1966ஆம் ஆண்டு, பத்து வயதில், அந்த ஒரே காரணத்துக்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். போலீசார் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவள் செய்த குற்றம் என்ன? அவள் தலையில் முடி அது விரும்பியபடி வளர்ந்ததுதான்.

அந்தச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று, மனத்தில் செருகிய பென்சில் போயிற்றா? 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில், பிரிட்டோரியா நகரின் புகழ்பெற்ற பெண்கள் பள்ளி ஒன்றில் கறுப்பின மாணவியர், தங்கள் இயல்பான முடியை ஒழுங்கற்றது என்று கண்டிப்பதை எதிர்த்து அணிவகுத்து நின்றனர். அவர்களுள் முன்னின்ற சுலைக்கா பட்டேலுக்கு அப்போது வயது 13. நம் எட்டாம் வகுப்புத் தங்கையரின் வயது! மாகாணக் கல்வி அமைச்சர் நேரில் வந்து மாணவியரின் குறைகளைக் கேட்டார். முடி பற்றிய அந்த விதியும் நிறுத்தி வைக்கப்பட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், இயல்பான முடியையும் பின்னல், முறுக்கு போன்ற அலங்காரங்களையும் காரணம் காட்டிப் பள்ளியிலும் வேலையிலும் எவரையும் ஒதுக்கக் கூடாது என்று 2019இல் சட்டமே இயற்றியது.

"இவ்வளவு தொல்லை எதற்கு? மருந்து போட்டு முடியை நேராக்கிக்கொண்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இழிசொற்களுக்கு அஞ்சித் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அப்படிச் செய்துதான் வந்தார்கள். கடுங்காரம் கலந்த அம்மருந்துகளால் தலைத்தோல் வெந்தவர்கள் பலர். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தார் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முடியை நேராக்கும் மருந்துகளை ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்திய பெண்களிடம், பயன்படுத்தாதவர்களைவிடக் கருப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. மருந்தே காரணம் என்று அந்த ஆய்வு முடிவு கட்டவில்லை. ஆனால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. பிறர் சிரிப்பார்களே என்பதற்காக ஒரு பெண் தன் உடலைப் பணயம் வைக்க வேண்டுமா?

பள்ளிக்கு ஒழுங்கு வேண்டாமா என்று பெரியோர் கேட்கலாம். வேண்டும், அதில் எங்களுக்கு இருவேறு கருத்து இல்லை. சீருடை இருப்பதால்தான் செல்வரின் மகளும் ஏழையின் மகளும் ஒரே வரிசையில் ஒன்றாக நிற்கிறோம். இரட்டைப் பின்னலும் ரிப்பனும் நமக்கு அப்படி வந்தவையே. தலை தூய்மையாக இருக்கட்டும், முடி முகத்தில் விழாமல் கட்டப்பட்டிருக்கட்டும், பகட்டு வேண்டாம். இவை நியாயமான விதிகள். ஆனால் சீருடையைக் கழற்றி மாட்டலாம். முடியைக் கழற்றி மாட்ட முடியுமா? தூய்மையைக் கேட்கும் விதி ஒழுக்கத்தை வளர்க்கிறது. பிறந்தது போல் இராதே என்று கேட்கும் விதி வெட்கத்தை வளர்க்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதே நல்ல ஒழுங்கு என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

இனி, எங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் வகுப்பில் ஒரு தோழி. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் அவளுடைய சுருட்டை முடி படியாது. மடித்துக் கட்டிய பின்னல் மணி மூன்றடிப்பதற்குள் அவிழ்ந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'பரட்டை'. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதனால் அவளுக்கு வலிக்கவில்லை என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அருட்சகோதரி படங்களைக் காட்டிய அன்று, வகுப்பே சிரித்தபோது, அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம். அன்று மாலையே போய் மன்னிப்புக் கேட்டோம். "இனி அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தால் போதும்" என்று மட்டும் சொன்னாள். அதுவரை அவளை நாங்கள் ஐந்து ஆண்டுகள் அப்படி அழைத்திருக்கிறோம்!

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "அக்காவுக்கு நல்ல முடி, இவளுக்குத்தான் இப்படி" என்று பிள்ளைகளின் காதுபடச் சொல்லாதீர்கள். சகோதரிகளே, தோழியரே, பிறர் தலையைப் பார்த்து நகைக்குமுன், அதைப் பேணிய கைகளை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். டர்பனில் ஒரு தாய் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து முறுக்கிய தலையைப் பார்த்து, இனியொரு முறை நாங்கள் சிரிக்கமாட்டோம். நீங்களும் சிரிக்க வேண்டாம்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்