பந்தயத்துக்குப் பின் நகையாட்டு

பந்தயம் முடிந்தபின் வென்றாரும் தோற்றாரும் கூடியிருந்து ஒருவரையொருவர் நகைத்துப் பேசுவதை வீண்பொழுது என்று கருதுவார் நம்மிடையே பலர் உளர். ஆட்டம் முடிந்தது, பரிசும் கொடுத்தாயிற்று, இனிப் பாடத்தைப் பார்ப்போம் என்பது அவர்கள் கொள்கை. யானும் ஒரு காலத்தில் அக்கட்சியினனே. இங்கிலாந்தில் ஒரு குளிர்காலத்துச் சனிக்கிழமையன்று நீர்த்தேக்கமொன்றின் கரையில் நின்று ஒரு கட்டுமரப் பந்தயத்தைப் பார்த்த பின்னரே அக்கட்சியை விட்டு நீங்கினேன்.

கட்டுமரம் என்றவுடன் நம் வலைஞர் கடலுக்குச் செலுத்தும் மரத்தை நினைத்தல் வேண்டா. பெயர் நம்முடையதே. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் வழங்கும் மரத்தை அப்பெயராலேயே குறித்தார். பெயர் கடல் கடந்தபின் பொருள் மாறிற்று. இன்று மேனாட்டார் ‘கட்டமரான்’ என்பது ஒடுங்கிய இரண்டு ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களாற் பிணைத்து, நடுவே வலைத்துணி இழுத்துக் கட்டி, பாய்மரம் நிறுத்திய கலம். கட்டுதல் என்னும் தொழில் ஒன்றே அதற்கும் நம் மரத்துக்கும் பொது.

அன்று பந்தயத்துக்கு ஏற்ற நாளாயில்லை. கரைப்புல் உறைபனியால் வெளுத்திருந்தது. வலைத்துணியிற் படிந்த பனி, ஏறினார் முழங்காலின்கீழ் நொறுங்கிற்று. குளிர்ந்த காற்று கனமுடையது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.29 கிலோகிராம் நிற்கும்; 25 டிகிரியில் 1.18 தான். ஆதலின் ஒரே வேகத்தில் வீசினும் குளிர்காலக் காற்றே பாயை மிகுதியாகத் தள்ளும். ஆனால் வீசினால் அன்றோ தள்ளுவது! அந்நாட்டுக் குளிர்காலச் சூரியன் தரையைச் சுடமாட்டாமையால், அடியிற் படிந்த குளிர்காற்று அசையாது கிடக்க, மேலே ஓடும் காற்றும் கீழிறங்குவதில்லை. பாய்மரத்து உச்சியிற் கொடி ஆடும். அடியில் நீர் கண்ணாடியாக இருக்கும்.

இத்தகைய நாளில் இரட்டை ஓடம் படும் பாட்டைக் கண்டே அறியவேண்டும். எடை குறைந்த கலமாதலின், காற்றின் முகத்தைக் கடந்து திரும்பும்போது உந்துவிசை போதாமல் நடுவில் நின்றுவிடும். பின்னர்ப் பின்னோக்கியும் நகரும். நீரில் உராயும் பரப்பைக் குறைக்க வேண்டிச் சுக்கானியும் துணைவரும் முன்புறத்தே ஒடுங்கிக் கிடந்து, இருமலைக்கூட அடக்கிக்கொள்வர். விரல்கள் மரத்துப்போகும். அவ்வளவுக்கும் பயன், நடந்து செல்வார் கடக்கும் தூரமே!

இவ்விளையாட்டிற் பெரும்பாலும் நடுவர் படகுகளுடன் செல்வதில்லை என்பதை இங்கே அறிந்துகொள்ளல் வேண்டும். பிழை செய்தவர் தாமே இரண்டு முழுவட்டம் சுற்றித் தண்டம் இறுக்கவேண்டும். அன்றேல் பந்தயத்தினின்று விலகவேண்டும். காற்றும் நீருமே படகைச் செலுத்தலாம் என்பது விதி. பாயைத் திரும்பத்திரும்ப இழுத்து விசிறுதலும், உடலை ஆட்டிப் படகை உந்துதலும் குற்றம். நல்ல காற்றுள்ள நாளில் இக்குற்றத்துக்கு அத்துணை ஆசை எழாது. காற்றில்லாத நாளிலோ கை தானே துறுதுறுக்கும்.

பந்தயம் முடிந்ததும் யாவரும் தேநீர்க்கூடத்திற் புகுந்தனர். கிண்ணத்தைப் பற்ற இயலாத விரல்களோடு நகையாட்டுத் தொடங்கிற்று. நடுவில் நின்று பின்னோக்கிச் சென்றவரை நோக்கி ஒருவர், “உம் படகு பின்பக்கமாகத்தான் நன்றாக ஓடுகிறது, அடுத்த வாரம் சுக்கானை முன்னே மாட்டிக்கொள்ளும்” என்றார். பருத்த உடலினர் ஒருவரைக் காலையுணவு குறித்து வினவினர். “பெருங்காற்று அடிக்கும் நாளில் என் எடையைக் கடன் கேட்டு வருவீர்கள், அப்போது வட்டி சொல்கிறேன்” என்றார் அவர். கடைசியாக வந்த இளைஞனை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அவன் புதியவன். அவனே தன்னைப்பற்றி ஒன்று சொல்லிச் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். இந்த ஒழுங்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

அப்பால் முதியவர் ஒருவர், மூன்றாவதாக வந்தவரைப் பார்த்து, “கடைசி மிதவையருகே எங்களுக்கெல்லாம் காற்றில்லை. உமக்கு மட்டும் வீசிற்றோ, நீர்தாம் விசிறினீரோ?” என்று கேட்டார். கூடம் முழுதும் சிரித்தது. கேட்கப்பட்டவரும் சிரித்தார், ஆனால் முகம் சிவந்தது. சிறிது நேரத்தில் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போனார் என்றே யான் எண்ணினேன். திரும்பி வந்தவர், “என் பெயரை விலகினார் வரிசையில் எழுதச் சொல்லிவிட்டேன்” என்றார். முதியவர் ஒன்றும் பேசாமல் அவர் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார். அடுத்த நொடியில் வேறொருவர் தலை உருண்டுகொண்டிருந்தது.

முறையீட்டுச் சபை என்று ஒன்று உண்டே, குற்றமெனில் அங்கன்றோ செல்லவேண்டும், கேலியாகச் சொல்வது கோழைத்தனம் அன்றோ என்று கேட்கலாம். படகோடு படகு மோதிச் சேதம் விளைந்தவிடத்து அது மெய்யே. அதனைச் சிரித்து மழுப்புதல் தகாது. ஆனால் ஒருவர் மனமே சாட்சியாக நிற்கும் சிறு பிழைகளுக்குச் சபை கூட்டினால் பகை வளருமேயன்றி உண்மை வெளிவராது. 1876 ஜூனில் நியூயார்க்கில் நத்தானியல் ஹெர்ஷாப் என்பார் தாம் சமைத்த ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை ஓடத்தால் பெயர்பெற்ற படகுகளைப் பின்தள்ளி முதலில் வந்தார். தோற்றவர்கள் சிரிக்கவில்லை, முறையிட்டனர். பரிசு மறுக்கப்பட்டது; அவ்வினக் கலங்களையே பந்தயங்களினின்று விலக்கினர். இரட்டை ஓடம் ஒலிம்பிக் பந்தயத்துள் நுழைந்தது 1976-இல். சரியாக நூறாண்டு சென்றபின்.

நம் ஆட்டக்களத்தில் நடப்பதை நாம் அறிவோம். வென்றார் கூச்சலிட்டுக்கொண்டு ஒரு வாயிலாற் செல்வர். தோற்றார் நடுவரை வைதுகொண்டு மற்றொரு வாயிலாற் செல்வர். அம்மனக்கசப்பு அடுத்த ஆண்டுவரை விடுதியிற் கிடந்து புளிக்கும். விளையாட்டுக் குழுவினர்க்கு என் விண்ணப்பம் ஒன்றே: விடுதிகளுக்கிடையே ஆட்டம் நடக்கும் நாள்களில், ஆட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம் உணவுக்கூடத்தைத் திறந்து வைத்து, இரு கட்சியாருக்கும் ஒரே மேசையில் தேநீர் கொடுக்கவேண்டும். செலவு சிறிதே. ஆசிரியர்கள் அங்கே வாராதிருத்தல் நலம்.