சாலை கொன்றால் யார் பொறுப்பு?



மாத்தூர் 200 அடி சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே நம் பிள்ளை ஒருவன் அடிபட்டு இறந்தால், "வேகமாக ஓட்டினான்" என்கிறது நிர்வாகம். "நஸீப்" என்கிறோம் நாம். இரண்டுமே தட்டிக்கழிப்பு!

மனிதன் தவறு செய்வான். அதற்கு அவன் உயிர் போகாதபடி சாலையை அமைப்பது அமைப்போரின் கடமை. ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-லேயே இதை ஏற்றது. இங்கே 2021-ல் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்லதுதான். ஆனால் அது அடிபட்ட பிறகுதானே?

இருசக்கர வண்டிகளுக்குத் தனித்தடம், சாலையோரம் லாரி நிறுத்தத் தடை. இளைஞர்களே, இவற்றைக் கேட்டுக் கவுன்சிலரிடம் மனு கொடுங்கள்.

வியாபாரிகளே! பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். நடைபாதையை அடைத்து நிற்கும் சரக்கை முதலில் உள்ளே எடுத்து வையுங்கள். பிறகு அந்த மனுவில் கையெழுத்திடுங்கள்.