இழுத்தது சரி, நிறுத்துவது யார்?



போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் ஒரே கைதட்டல். என்னவென்று எட்டிப் பார்த்தேன். செல்போனில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு கடற்கரை. ஓர் அரை டன் வண்டி, தன்னைவிட இரண்டு மடங்கு நீளமான மீன்பிடிப் படகு ஒன்றை டிரெய்லரில் வைத்து மேட்டில் இழுத்துக்கொண்டு வருகிறது. "பங்காளி, வண்டின்னா இதுதாண்டா வண்டி!" என்றான் ஒருவன். பார்த்தவர்கள் அத்தனை பேரும் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிறவர்கள். நானும்தான் கை தட்டினேன்.

ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் படகு இல்லை, என் அம்மா.

எனக்கு ஊர் போடிநாயக்கனூர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். விடியுமுன்னே தூக்குவாளியோடு தெருமுனையில் நிற்பார். ஜீப் வரும். ஏறிப் போடிமெட்டு தாண்டிக் கேரளத்துப் பக்கம் போய்க் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய அதே ஜீப்பில் இறங்குவார். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இன்றுவரை என் ஃபீஸ் அந்த ஜீப்பில்தான் வந்திருக்கிறது.

இப்போது அந்தப் படத்துக்கு வருவோம். நாம் படித்த கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

படகும் டிரெய்லருமாக 3 டன் என்று வைத்துக்கொள்வோம். தார் ரோட்டில், சமதளத்தில், ஒரு டன் பாரத்தை உருட்ட 15 முதல் 20 கிலோ விசை போதும். ஆக, 3 டன்னுக்கு 60 கிலோ. நாலு பேர் சேர்ந்தால் நாமே தள்ளிவிடலாம். நின்றுபோன டவுன் பஸ்ஸை நாம் தள்ளியதில்லையா? மேடு வந்தால் விசை கூடும், உண்மைதான். பதினைந்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் டன்னுக்கு இன்னும் 67 கிலோ சேரும். அதற்குத்தான் முதல் கியர் இருக்கிறது. 2005-இல் வந்த குட்டியானைக்கு எஞ்சின் 16 குதிரைத்திறன்தான். அது மலை ஏறவில்லையா? வேகத்தை விட்டுக்கொடுத்தால் சின்ன எஞ்சினும் பெரிய பாரத்தை இழுக்கும். இதில் கைதட்ட ஒன்றுமில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறே. அந்த மேட்டிலிருந்து அதே படகோடு இறங்கச் சொன்னால்?

அரை டன் என்பது வண்டியின் எடை அல்ல, அது சுமக்கவேண்டிய பாரம். அந்தப் பாரத்துக்குத்தான் பிரேக் ட்ரம், லைனிங், ஸ்பிரிங், ஆக்சில் எல்லாம் அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். பின்னால் 3 டன் டிரெய்லர், அதற்குத் தனி பிரேக்கும் இல்லை என்றால், இறக்கத்தில் வண்டி டிரெய்லரை இழுக்காது. டிரெய்லர் வண்டியைத் தள்ளும். வளைவில் பிரேக்கை மிதித்தால் பின்னால் வருவது முன்னால் வரப்பார்க்கும். முன்பாரம் பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்கிய நம் மாட்டுவண்டிக்காரர்களுக்கு இது டிப்ளமோ இல்லாமலே தெரியும். மயிலிறகு ஏற்றிய வண்டியை வைத்து வள்ளுவர் சொன்னதும் இந்தக் கணக்குத்தான்.

படகோட்டிகளுக்கும் இது தெரியும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளோடு உள்ளூர்களுக்குப் போய் ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாற்றினார்கள். டி.வி.யில் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் படகுகள் வந்து இறங்கியது லாரிகளில். பாரத்துக்கு ஏற்ற சக்கரமும், பாரத்துக்கு ஏற்ற பிரேக்கும் உள்ள வண்டியில் ஏற்றினார்கள். அவசரத்திலும் அந்தப் புத்தி இருந்தது.

சரி, போடிக்காரனுக்குப் படகோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம் ஊர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85 கொச்சியில் தொடங்கித் தொண்டியில் முடிகிறது. இந்த முனையிலும் கடல், அந்த முனையிலும் கடல். நடுவில் நிற்பது நம் மலை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, உயர வித்தியாசம் ஏறத்தாழ 1000 மீட்டர். எங்கள் மலையில் படகு ஏறுவதில்லை. அதற்குப் பதிலாக மனுஷங்கள் ஏறுகிறார்கள்.

ஜீப்பின் பூர்வீகம் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் அதற்கு வைத்த பெயரே கால் டன் லாரி. இன்றைய ஜீப் அதைவிடக் கனமாகச் செய்யப்பட்டதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா போகும் ஜீப்பில் சில நாள் 18 பேர். ஆளுக்கு 50 கிலோ என்றாலும் 900 கிலோ. தூக்குவாளி, சாக்கு, மழைக்கோட்டு தனி.

இந்த ஜீப் சாயங்காலம் 1000 மீட்டர் இறங்குகிறது. வண்டியும் ஆளுமாக 2 டன் என்றால், இறங்கும்போது அது விடும் ஆற்றல் சுமார் 62 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். நாலு குடம் தண்ணீர்! இரண்டரை டன் என்றால் ஐந்து குடம். அந்தப் படத்து வண்டி படகோடு இறங்கினால் ஒன்பது குடம். இத்தனை சூடும் எங்கேயாவது போயாக வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கு வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் மொத்தமும் பிரேக் ட்ரம்முக்குத்தான். லைனிங் தீயும் வாடை வரும். அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. "ஏறின கியரிலேயே இறங்கு மாப்ள" என்று ஜீப் ஓட்டும் என் மாமா சொல்வார். தெர்மல் என்ஜினியரிங் பாடம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி வயநாட்டில், தேயிலை பறித்துவிட்டுத் திரும்பிய பெண்கள் வந்த ஜீப் பள்ளத்தில் விழுந்தது. ஒன்பது பெண்கள் இறந்துபோனார்கள். செய்தியைக் கேட்ட அன்று எங்கள் தெருவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் விடியற்காலை ஜீப் வந்தது. எல்லாரும் ஏறினார்கள்.

சட்டம் என்ன செய்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, சரக்கு வண்டியில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வேறு. அளவுக்கு மேல் பயணிகளை ஏற்றினால் ஆளுக்கு 200 ரூபாய். ஏலக்காய் மூட்டைக்கு ஒரு கணக்கு, அந்த ஏலக்காயை எடுத்த கைக்கு ஒரு கணக்கு! இது சரிதானா என்று நீங்களே சொல்லுங்கள்.

டிரைவரைத் திட்டுவது சுலபம். மாமாவைக் கேட்டேன். "ஒம்பது பேரை ஏத்துனா டீசலுக்குப் பத்தாது மாப்ள. வாடகையைத் தோட்டத்துக்காரங்க ரெண்டு ட்ரிப்புக்குக் குடுத்தா நான் ஏன் அடைக்கிறேன்?" என்றார். நியாயம்தான். ஆள் வேண்டும் என்கிறவர்கள் ஆள் வந்துபோகும் செலவையும் முழுசாக ஏற்க வேண்டும். இது என் உறுதியான கருத்து.

அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். "கூட்டமா இருந்தா ஏறாதம்மா" என்றேன். "ஏறலைன்னா அன்னிக்குச் சம்பளம் போச்சு. ஒன் பரீட்சை ஃபீஸை யாருய்யா கட்டுவா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. பிறகு நாலு குடம் தண்ணீர்க் கணக்கைச் சொன்னேன். அதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். இப்போது முன்சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "நியூட்ரல்ல விடாதப்பா, எம்மகன் படிச்சவன், சொல்லியிருக்கான்" என்று டிரைவரிடம் தினமும் சொல்கிறாராம். கூட வருகிறவர்கள் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். டிரைவர் கியரில் இறங்குகிறாரே, அது போதும்.

நண்பர்களே, நம் யூனியனுக்கு என் வேண்டுகோள் இதுதான். காய் எடுப்பு தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் ஒர்க்‌ஷாப்பில் தோட்ட ஜீப்புகளுக்கு இலவச பிரேக் பரிசோதனை முகாம் வைப்போம். ட்ரம்மைக் கழற்றி லைனிங் பார்ப்பதற்கும், பிரேக் ஆயில் பார்ப்பதற்கும் நமக்குத் தெரியாதா? பிராக்டிகல் நோட்டில் எழுதியதை ஒரு நாள் நிஜ வண்டியில் செய்வோம். ஆசிரியர்கள் துணை நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்று கேட்கிறவன் வேடிக்கை பார்க்கிறவன். எவ்வளவு பாரத்தோடு நிற்கும் என்று கேட்கிறவன்தான் டெக்னீஷியன். அடுத்த தடவை அப்படி ஒரு படம் வந்தால், கைதட்டுவதற்கு முன்னால் கணக்கைப் போடுங்கள். உங்களில் பலருடைய அம்மாவும் ஏதாவது ஒரு ஜீப்பில் இறங்கி வந்துகொண்டுதான் இருப்பார்.

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்