"எது பிடிச்சிருக்கு?" - தப்பான கேள்வி!

கல்லூரி விழா வருகிறது. போஸ்டர் குழு இரண்டு டிசைன் போட்டு வைத்திருக்கிறது. ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம். எதை அச்சுக்கு அனுப்புவது என்று குழுவுக்குள்ளேயே அடிதடி. கடைசியில் யாராவது ஒரு புண்ணியவான், "எல்லாரையும் கேட்டுடலாம்ப்பா" என்பார். இரண்டையும் வகுப்பில் தூக்கிக் காட்டி, "எது பிடிச்சிருக்கு?" என்று கை தூக்கச் சொல்வார்கள். நீலத்துக்குக் கை அதிகம். ஜனநாயகம் ஜெயித்துவிட்டது!

ஜெயித்தது ஜனநாயகம் இல்லை, சோம்பேறித்தனம்.

ரசிப்பதற்காக யாரும் போஸ்டர் ஒட்டுவதில்லை. பஸ் பிடிக்க ஓடுகிறவன் கண்ணில் இரண்டு மூன்று விநாடி பட வேண்டும், விஷயத்தைச் சொல்ல வேண்டும், அவனை விழாவுக்கு வரவைக்க வேண்டும். அதுதான் அதன் வேலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் சௌகரியம் அவனுக்குக் கிடையாது. ஆக, கேட்ட ஆளும் தப்பு, இடமும் தப்பு, கேள்வியும் தப்பு.

"அப்படியானால் யாரையும் கேட்கவே கூடாதா? வரைந்தவன் வைத்ததுதான் சட்டமா?" என்றால், அதுவும் இல்லை. அந்த வழியில் போனால் என்ன ஆகும் என்று 1939-ல் பிரிட்டன் காட்டியது.

போர் மூளும் நேரம். தகவல் அமைச்சகத்துக்காக வேலை பார்த்த குழு மூன்று போஸ்டர்களை முடிவு செய்தது. அதில் ஒன்றின் வாசகம் இப்படிப் போகும்: உங்கள் துணிச்சல், உங்கள் உற்சாகம், உங்கள் மன உறுதி நமக்கு வெற்றி தேடித் தரும். எழுதியவர்களுக்கு அது கம்பீரமாகத்தான் இருந்தது. ஊரெங்கும் ஒட்டினார்கள். ஜனங்கள் முகம் சுளித்தார்கள். ஏன்? தமிழில் 'நமக்கு' வேறு, 'எங்களுக்கு' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதிகாரிகள் 'நமக்கு' என்று நினைத்து எழுதியதை ஜனங்கள் 'எங்களுக்கு' என்று படித்தார்கள். பாடுபடுவது நீங்கள், வெற்றி மேலிடத்துக்கா என்று கேட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்பு. 1937-ல் தொடங்கியது. சாதாரண ஜனங்களிடம் பேசியும், தெருவிலும் மதுக்கடையிலும் அவர்கள் பேசுவதைக் காதில் வாங்கியும் குறிப்பெடுப்பது அதன் வழக்கம். அதற்கு எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைவிட, ஜனங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது முக்கியம். கருத்துக் கேட்பது என்றால் அது. என்ன பிரயோசனம், அச்சடித்து ஒட்டிய பிறகல்லவா தெரிந்தது!

அந்த மூன்றில் இன்னொன்றின் கதை இதைவிட வேடிக்கை. 'கீப் காம் அண்ட் கேரி ஆன்'. கிரீடம் போட்ட சிவப்புப் போஸ்டர், எல்லாருக்கும் தெரியும். ஏறத்தாழ 24.5 லட்சம் பிரதிகள் அச்சடித்து, பெரிய குண்டுவீச்சு வந்தால் ஒட்டலாம் என்று மூட்டை கட்டி வைத்தார்கள். அநேகமாக ஒட்டவே இல்லை. 1940-ல் பெரும்பகுதி காகிதக் கூழுக்குப் போனது. 2000-ல் ஆனிக் என்ற ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி அகப்பட்டது. அதற்கப்புறம் காபிக் கோப்பை, டீ-ஷர்ட் என்று உலகம் பூராவும் அதுதான். உலகத்துக்கே பிடித்த அந்தப் போஸ்டர், அச்சடித்த வேலையை அநேகமாக ஒரு நாள்கூடச் செய்யவில்லை! பிடிப்பது வேறு, வேலை செய்வது வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வேலை செய்வதை அளக்க வழி இருக்கிறது. 2007 டிசம்பரில் ஒபாமாவின் பிரசாரக் குழு, தங்கள் தளத்தின் முதல் பக்கத்துக்கு 6 படங்களும் வீடியோக்களும், 4 பொத்தான் வாசகங்களும் தயாரித்தது. மொத்தம் 24 சேர்க்கை. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்றுதான் தெரியும். எது பிடித்தது என்று ஒருவரையும் கேட்கவில்லை, எத்தனை பேர் பெயர் பதிகிறார்கள் என்று மட்டும் எண்ணினார்கள். குழுவில் இருந்தவர்களுக்கு வீடியோ மேல்தான் ஆசை. வீடியோக்கள் எல்லாம் படங்களிடம் தோற்றன. ஒபாமா குடும்பப் படம் ஜெயித்தது. பதிவு விகிதம் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 ஆனது. கை தூக்கச் சொல்லியிருந்தால் வீடியோதான் போயிருக்கும்.

"அவ்வளவு கூட்டத்துக்கு நாங்கள் எங்கே போவது?" வேண்டாம். விழாவைப் பற்றி ஒன்றும் தெரியாத பத்துப் பேர் போதும். ஐந்து பேருக்குச் சிவப்பை மட்டும், ஐந்து பேருக்கு நீலத்தை மட்டும் காட்டுங்கள். 5 விநாடியில் எடுத்துவிடுங்கள். "என்ன விழா? எப்போது? எங்கே?" என்று கேளுங்கள். தேதி ஞாபகம் இல்லையா? குற்றம் அவர்கள் மேல் இல்லை, போஸ்டர் மேல். நண்பர்களைக் கேட்காதீர்கள், அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். "இதில் கலரும் அதில் எழுத்தும்" என்று யாராவது பஞ்சாயத்துப் பண்ண வந்தால், தயவுசெய்து கதவைச் சாத்துங்கள். இரண்டையும் கலந்தால் வருவது மூன்றாவது போஸ்டர், அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்று. இரண்டிலுமே தேதி யாருக்கும் நினைவில்லை என்றால் இரண்டும் குப்பைக்கு. ஓட்டெடுப்பில் அந்தப் பதில் வரவே வராது. யாராவது ஒருவர் ஜெயித்தே தீருவார். அதுதான் அதன் பெரிய பொய்.

காலி அரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஆனால் போஸ்டர் எல்லாருக்கும் பிடிச்சிருந்ததே" என்று புலம்பிப் பயனில்லை.