ஜன்னல் துடைக்க உயிரா விலை?

ஆயுத பூஜைக்கு முந்திய இரண்டு வாரங்களில் ஆலைகளில் ஒரு புதுச் சுறுசுறுப்பைப் பார்க்கலாம். மிஷின்களைத் துடைக்கிறார்கள். சுவர்களுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். உயரத்து ஜன்னல்களிலும் குழாய்களிலும் வருஷம் முழுவதும் அப்பிக் கிடந்த பஞ்சைத் தட்டி எடுக்கிறார்கள். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. அந்த ஜன்னலுக்கு ஏறுகிற தொழிலாளிக்குக் கிடைப்பது ஒரு பழைய மூங்கில் ஏணி. அது எட்டாவிட்டால் அதன் அடியில் ஒரு மேஜை. மேஜையும் போதாவிட்டால் இரண்டு பஞ்சுப் பேல்.

இது சின்ன விஷயம் என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். சம்பளம், போனஸ், வேலை நீக்கம் என்று தலைக்கு மேல் பிரச்னைகள் இருக்கும்போது ஜன்னல் துடைப்பதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். பதினைந்தடி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தவனுக்குச் சம்பளமும் இல்லை, போனஸும் இல்லை. முதுகெலும்பு முறிந்து பாயில் கிடப்பவனின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டார்கள்.

ஜன்னலைத் துடைப்பது நிர்வாகம் தன் விருப்பத்துக்குச் செய்யும் அலங்காரமும் அல்ல. 1948-ம் வருஷத்திய பாக்டரிச் சட்டத்தின் 17-வது பிரிவு, வெளிச்சத்துக்காக உள்ள கண்ணாடி ஜன்னல்களையும் கூரைக் கண்ணாடிகளையும் உள்ளும் புறமும் சுத்தமாக வைக்க வேண்டும் என்று சொல்லிற்று. 11-வது பிரிவு, சுண்ணாம்பு அடித்த சுவர்களுக்குப் பதினான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது மறுபடி அடிக்க வேண்டும் என்றது. 32-வது பிரிவு, விழக்கூடிய உயரத்தில் ஒருவன் வேலை செய்ய நேர்ந்தால் தடுப்பு வைத்தோ வேறு விதத்திலோ, இயன்ற அளவு, அவன் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. முதல் இரண்டையும் நிர்வாகங்கள் நன்றாகப் படித்துக்கொண்டன. மூன்றாவதில் "இயன்ற அளவு" என்ற இரண்டு சொற்களை மட்டும் படித்தன.

"சாரத்துக்குச் செலவு அதிகம்" என்பது அவர்கள் சொல்லும் பதில். அது உண்மைதானா என்று பார்ப்போம்.

முதலில், ஆள் மேலே ஏறாமலே முடிகிற வேலை பாதிக்கு மேல் உண்டு. நீண்ட கழியில் கட்டிய துடைப்பத்தாலும் பிரஷ்ஷாலும் தரையில் நின்றுகொண்டே உள்பக்கத்து ஜன்னல்களைத் துடைக்கலாம். கழிக்கு என்ன விலை? ஏறித்தான் ஆகவேண்டும் என்கிற இடங்களுக்கு, நான்கு சக்கரம் வைத்த இரும்புக் குழாய்ச் சாரம் ஒன்று போதும். அதே சாரம்தான் விளக்கு மாற்றவும், மின்விசிறி துடைக்கவும், குழாய்ப் பஞ்சு எடுக்கவும், வெள்ளை அடிக்கவும் உதவும். விலைக்கு வாங்க மனமில்லாத சிறிய ஆலை நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஜன்னல்கள் ஒரே வரிசையாக இருக்கும் பெரிய ஆலையில் அவற்றை ஒட்டிக் கைப்பிடியோடு ஒரு நடைமேடை அமைத்துவிட்டால் ஆயுள் முழுவதும் கவலையில்லை.

உள்ளபடி சொன்னால் நிர்வாகம் கணக்குப் பார்ப்பது சாரத்தின் விலையை மட்டும் அல்ல. ஸ்பின்னிங் கட்டிடத்தில் பிரேமுக்கும் பிரேமுக்கும் நடுவில் உள்ள சந்து குறுகியது. அங்கே சாரம் நிறுத்த வேண்டுமானால் பக்கத்துப் பிரேம்களை நிறுத்த வேண்டும். பிரேம் நின்றால் நூல் நிற்கும். ஏணி என்றால் ஓடுகிற மிஷினுக்கு நடுவிலேயே சாய்த்துவிடலாம் அல்லவா? அதனால்தான் ஏணி மலிவாகத் தெரிகிறது. மேலே ஆள் நிற்கும்போது கீழே மிஷின் ஓடக்கூடாது என்று சங்கம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

சாரம் என்று பெயர் இருந்தால் போதாது. அது எப்படி இருக்க வேண்டும் என்று தொழிலாளிக்கே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு குழாயை நட்டுவைத்து இதுதான் பாதுகாப்பு என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

தரைமட்டத்தில் சாரத்தின் குறுகிய பக்கம் எத்தனை அடியோ, அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் நிற்கும் தளம் உயரக்கூடாது. பக்கம் நாலடி என்றால் தளம் பன்னிரண்டடி. அதில் நிற்பவன் கை பதினெட்டடி ஜன்னலை எட்டும். அதற்கும் மேலே போகவேண்டுமானால் பக்கவாட்டில் தாங்குகால் வேண்டும், அல்லது சாரத்தைச் சுவரோடு கட்ட வேண்டும். வெளிப்புறத்தில் காற்றடிக்கும், அங்கே இன்னும் ஜாக்கிரதை. நான்கு சக்கரமும் பூட்டியிருக்க வேண்டும். "நீ மேலேயே இரு, நாங்கள் தள்ளுகிறோம்" என்று மேஸ்திரி சொன்னால் இறங்கி வந்துவிடுங்கள். நிற்கும் தளத்தில் இடைவெளியில்லாமல் பலகை, சுற்றி இடுப்பளவுக்குக் கம்பி, அதற்கும் தளத்துக்கும் நடுவில் இன்னொரு கம்பி, கருவிகள் உருண்டு விழாமல் ஓரத்தில் ஒரு கட்டை. ஏறுவது உள்பக்கமாக.

சவுக்குக் கட்டையும் கயிறும் கொண்டு கட்டும் சாரத்தை நாம் இகழவில்லை. தெரிந்தவன் கட்டினால் அது நிற்கும். ஆனால் போன மழைக்கு நனைந்த கயிறும், பூச்சி அரித்த கட்டையும் வேண்டாம். ஒற்றைப் பலகையும் வேண்டாம். பலகையின் நுனி தாங்கு கட்டைக்கு வெளியே அதிகம் நீண்டிருந்தால், அங்கே கால் வைத்தவுடன் மறுமுனை எழும்பி ஆளைக் கவிழ்த்துவிடும். எத்தனையோ கொத்தனார்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

ஏணி ஏறி இறங்குவதற்கு உரியது. ஒரு கையில் துணி, ஒரு கையில் வாளி என்றால் ஏணியைப் பிடிக்கக் கை ஏது? ஒரு நிமிஷ வேலைக்கு ஏணியே போதும் என்றால், நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடிப்பாகம் சுவரைவிட்டு விலகி இருக்கட்டும், கீழே ஒருவர் பிடிக்கட்டும். பெயிண்ட் அடித்த மர ஏணியை நம்பாதீர்கள், வெடிப்பைப் பெயிண்ட் மறைத்துவிடும். மின்கம்பி அருகில் அலுமினிய ஏணி கூடவே கூடாது. இனி பெல்ட் சமாசாரம். பெல்ட் கொடுத்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லும் நிர்வாகத்திடம் அதன் கொக்கியை எதில் மாட்டுவது என்று கேளுங்கள். தலைக்கு மேல் உறுதியான பிடிமானம் இல்லாத பெல்ட், போட்டோவுக்குத்தான் உதவும்.

இப்படி ஏறுகிறவர்கள் யார்? பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளிகள் அல்ல. வயலில் வேலை இல்லாத நாட்களில் கண்டிராக்டர் லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிற விவசாயத் தொழிலாளிகள். நெல் அரவை மில்லிலும் கிடங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏற்றப்படுகிறவர்களும் அவர்கள்தான். அந்த ஓடு பார்க்க உறுதியாக இருக்கும். கீழே சட்டம் இல்லாத இடத்தில் மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கும். குறுக்கே பலகை போடாமல் அதன்மேல் ஏறச் சொல்வது கொலைக்குச் சமம். "ஏணியை நீயே கொண்டு வா" என்று சொல்லும் கண்டிராக்டர்களும் உண்டு. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வசூலிக்கக்கூடாது என்பது பழைய சட்டத்தின் 114-வது பிரிவிலும் இருந்தது, 2020-ம் வருஷத்திய புதிய பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

அந்தப் புதிய தொகுப்பை மத்திய சர்க்கார் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய பாக்டரிச் சட்டம் அதோடு போயிற்று. மின்சாரத்தால் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் பாக்டரி என்பது இருபது பேர் என்றாயிற்று. கண்டிராக்ட் தொழிலாளருக்கான விதிகள் இருபது பேர் வைத்திருக்கும் கண்டிராக்டருக்குப் பொருந்தியது போய், ஐம்பது பேர் என்றாயிற்று. வெள்ளையடிக்க ஐம்பது பேரை எந்தக் கண்டிராக்டர் கொண்டுவருகிறான்? பரிசோதிக்க வரவேண்டிய இன்ஸ்பெக்டருக்கு "உதவியாளர்" என்ற பட்டமும் சேர்ந்திருக்கிறது. யாருக்கு உதவி என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் முதலாளி அபாயமில்லாத வேலைத்தலம் தர வேண்டும் என்ற பொதுக் கடமை அதிலும் இருக்கிறது. உயிருக்கு அபாயம் என்று தோன்றினால் முதலாளியிடமும் இன்ஸ்பெக்டரிடமும் ஒரே சமயத்தில் புகார் சொல்லும் உரிமையும் இருக்கிறது. கிடைத்த ஆயுதத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே ஆலைச் சங்கக் கிளைகள் வெள்ளையடிப்பு தொடங்கும் முன்பே கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்தெந்த ஜன்னல், எத்தனை அடி உயரம், எந்தச் சாரம், எந்த நேரம் மிஷின் நிற்கும் என்று எழுதிக் கேளுங்கள். கண்டிராக்டரிடம் வரும் கிராமத்துத் தோழர்களின் பெயர்களும் அந்த மனுவில் இருக்கட்டும். லாரியிலிருந்து அவர்கள் இறங்கும்போதே வாசலில் சந்தித்து, சாரம் வரும்வரை யாரும் ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள். அன்று அவர்கள் கூலி போகாமல் பார்த்துக்கொள்வதையும் அதே மனுவில் சேருங்கள்.