பட்டனைத் தட்டினா பிரிண்ட் வருதே, இதுக்கு ஒரு படிப்பா?

போன மாசம் இங்கே வதோதராவில் ஒரு தமிழ் நண்பர் வீட்டு விசேஷம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "பொண்ணு என்ன சார் படிக்கப் போறா?" என்றார். பிரிண்ட்மேக்கிங் என்றேன். "பட்டனைத் தட்டினா பிரிண்ட் வருதே, இதுக்கு ஒரு படிப்பா?" பந்தியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பி.காம். படித்த எனக்கும் இரண்டு வருஷம் முன்னால் அதே சந்தேகம்தானே!

அப்புறம்தான் மகள் பழகும் பட்டறையில் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு தடவி, ஊசியால் கீறி, நைட்ரிக் ஆசிடில் போடுகிறார்கள். கீறிய இடத்தை மட்டும் ஆசிட் அரிக்கிறது. அதில் மையை அப்பி, மேலே இருப்பதைத் துணியால் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளையில் அழுத்தினால் படம். அதுவும் இடம் வலம் மாறி! பக்கத்து மேஜையில் ஒரு பையன் செல்போன் படத்தை போட்டோஷாப்பில் நிறம் நிறமாகப் பிரித்து, பிலிமில் எடுத்து, மருந்து பூசிய ஸ்கிரீனில் வைத்து புறஊதா வெளிச்சம் காட்டுகிறான். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கழுவினால் போய்விடும். அந்த வழியாக மை இறங்கும். கம்ப்யூட்டர் பாதி, கை பாதி.

இதைக் கலப்படம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1894ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய ரவிவர்மாவும் ஜெர்மன் இயந்திரத்தைத்தானே இறக்கினார்? அதனால்தான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுச் சுவர் வரை வந்தார்கள்.

ஆனால் சொல்லித்தரும் வரிசை முக்கியம். கை முதலில், கம்ப்யூட்டர் பிறகு. எங்கள் வங்கியில் லெட்ஜர் எழுதிப் பழகியவர்கள், எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் தப்பான என்ட்ரியை வாசனையிலேயே பிடித்துவிடுவார்கள். இங்கேயும் அதேதான். திரையில் தப்பை அழிக்க ஒரு பட்டன் போதும். தகட்டில் மணிக்கணக்காகத் தேய்க்க வேண்டும். எவ்வளவு மெல்லிய கோடு மை பிடிக்கும் என்பது தகட்டைத் துடைத்த கைக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, நாணயம். ஒரு கடையில் எட்சிங் என்று சொல்லி, பென்சிலில் 7/50 எழுதிய படம் ஒன்றை வாங்கினேன். மகள் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மை தெளித்த பொடிப் புள்ளிகள். தகடு அழுந்திய தடமே இல்லை. இங்க்ஜெட்! இங்க்ஜெட் விற்பது தப்பில்லை, சொல்லி விற்கணும். எண்ணி அச்சடித்து முடித்ததும் தகட்டைக் கீறிக் கெடுத்துவிடுவது வழக்கம். கம்ப்யூட்டர் ஃபைல் அப்படியே கிடக்கும். அப்போது ஐம்பது என்று எழுதுவது செக்கில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. மாணவர்களுக்கு இதையும் பாடமாக வைக்கணும்.

கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். பிறகு சாந்திநிகேதன் போய், இதே பரோடாவில் பல வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தார். அடுத்த பந்தியில் இதைச் சொல்ல உத்தேசம் :-)

உங்கள் பிள்ளையும் இந்தப் பக்கம் வந்தால் பயப்படாதீங்க. சேர்க்கும் முன் பட்டறையை ஒருதரம் போய்ப் பாருங்க. ஆசிட் தொட்டி, புகை வெளியேற ஃபேன், கம்ப்யூட்டர் மூன்றும் இருக்கணும். ஒன்று குறைந்தாலும் ஏன் என்று கேளுங்க.